ஹெட் கேஸ்கட்: டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களின் கேள்விகள்

எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அதைப் பற்றிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப்பை மனதில் வைத்தே பதில் சொல்கிறோம். டார்க் அளவும் (போல்ட்டைத் திருப்பி இறுக்கும் பலம்) தேய்மான வரம்பும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நாங்கள் உதாரணத்துக்குச் சொல்லும் எண்ணை அப்படியே உங்கள் வண்டியில் போடாதீர்கள். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்தான் செல்லும்.

கேள்வி: வாரத்துக்கு ஒரு லிட்டர் கூலன்ட் குறைகிறது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. மெக்கானிக் பார்த்தவுடனே, “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்” என்கிறார். நம்பலாமா?

பதில்: இறக்கும் முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கூலன்ட் காணாமல் போக ஹெட் கேஸ்கட் ஒரு வழிதான். இஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் கூலன்ட்டால் குளிரவைக்கும் பாகம்) உள்ளே ஓட்டை விழுந்தாலும் கூலன்ட் இன்டேக் பக்கம் போய் எரிந்துவிடும். வாட்டர் பம்ப் சீலிலோ ஹோஸ் கிளாம்பிலோ சூட்டில் மட்டும் கசிந்து, தரையில் சொட்டும் முன்பே ஆவியாகிவிடுவதும் உண்டு. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஓட்டும்போது வழிந்து வெளியேறும். ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். அப்போது கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் குறை தீராது.

முதல் சோதனையை நீங்களே செய்யலாம். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், காலையில் மூடியைத் திறந்து மட்டம் பார்த்து, மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேனும் பெல்ட்டும் எட்டாத இடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கூலன்ட் சூடாகி விரிந்தால்தான் ஹோஸில் பிரஷர் ஏறும், அதற்குச் சில நிமிடங்களாவது பிடிக்கும். ஹோஸ் இன்னும் ஜில்லென்று இருக்கும்போதே, ஓரிரு நிமிடத்தில் கல்லாக இறுகினால் சிலிண்டரின் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் உண்டு. முந்தைய நாள் ஓட்டி நிறுத்திய வண்டியில், மறுநாள் காலை மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ஸென்று பிரஷர் வெளியேறினால் அதுவும் சந்தேகத்துக்குரியது. ஆறிய கூலன்ட் சுருங்கும், அதில் பிரஷர் மிஞ்ச வழியில்லை.

அடுத்தது நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் குழாயைப் பொருத்தி, கூலன்ட்டின் மேலுள்ள காற்றை நீலத் திரவத்துக்குள் இழுப்பார்கள். அதில் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாகும், டீசலில் பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடும். டீசல் ஐட்லிங்கில் காற்றை அதிகம் இழுத்து எரிபொருளைக் குறைவாக எரிப்பதால் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. அதனால் எஞ்சினைச் சூடாக்கி, வேகத்தைக் கூட்டி வைத்துச் சோதிக்க வேண்டும். ஐட்லிங்கில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “நிறம் மாறல, கேஸ்கட் நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். கூலன்ட்டே குழாய் வழியாக ஏறித் திரவத்தில் கலந்துவிட்டாலும் அந்தச் சோதனை செல்லாது.

எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது சோதனை. கூலிங் சிஸ்டத்தில் கைப்பம்ப் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு பிரஷர் ஏற்றி (பல வண்டிகளில் சுமார் 0.9 முதல் 1.1 பார், ‘பார்’ என்பது பிரஷரின் அலகு) இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, டீசல் வராதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிரித்துவிட்டு, தள்ளி நின்று செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எந்தத் துவாரத்திலிருந்து கூலன்ட் பீறிடுகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் குறை. எங்கும் வராமல், பிரஷர் மட்டும் குறைந்திருந்தால் இஜிஆர் கூலரைக் கழற்றித் தனியாகச் சோதியுங்கள். அதன் புகை வெளிவரும் வாயில் கரி கழுவி விட்டதுபோல ஈரமாக இருந்தால் குற்றவாளி அதுதான்.

சில எஞ்சின்களில் இன்ஜெக்டர் ஒரு மெல்லிய செப்புக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும், அந்தக் குழாயைச் சுற்றிக் கூலன்ட் ஓடும். அந்த ஸ்லீவ் கசிந்தாலும் வாயு கூலன்ட்டுக்குள் போகும். ஹெட் கேஸ்கட்டின் எல்லா அடையாளமும் அப்படியே தெரியும்.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. கேஸ்கட் போய்விட்டதா?

பதில்: மூடியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர்நாளில், சிறு தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சினுக்குள் நீராவி படிந்து மூடியடியில் இப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலும் வெளுத்திருக்கிறதா? வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் (ஆயில் தொட்டி) பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சொட்டு ஆயிலைச் சூடான இரும்புத் தட்டில் விடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் சடசடவென்று வெடிக்கும், நல்ல ஆயில் சத்தமில்லாமல் புகையும்.

கூலன்ட் கலந்தது உறுதியானால் வண்டியை ஓட்டவே வேண்டாம். பேரிங்குகள் ஆயில் படலத்தில் மிதந்துதான் சுழல்கின்றன. கூலன்ட் கலந்த ஆயில் அந்தப் படலத்தைத் தாங்காது. கேஸ்கட் வேலையோடு முடிய வேண்டியது கிராங்க்ஷாஃப்ட் வேலையில் போய் நிற்கும்.

கேள்வி: ரேடியேட்டருக்குள் ஆயில் மிதக்கிறது. ஆனால் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் இல்லை. இதுவும் கேஸ்கட்தானே?

பதில்: முதலில் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் பொதுவாகக் கூலன்ட் பிரஷரைவிடப் பல மடங்கு அதிகம். எனவே கூலருக்குள் சிறு ஓட்டை விழுந்தாலும் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். கூலரைக் கழற்றி, தண்ணீரில் மூழ்கவைத்து, காற்று அடித்துப் பார்ப்பது ஹெட்டை இறக்குவதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால், பல மாடல்களில் கியர் ஆயில் குளிரும் குழாயும் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். மிதப்பது சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் புதுக் கேஸ்கட் போட்டேன். மறுபடியும் போய்விட்டது. கேஸ்கட் தரமில்லாததா?

பதில்: இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அதுதான். அது என்ன தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போ டீசலில் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் 150 பார் அளவுக்குப் பிரஷர் எழும். சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீட்டர் என்றால் ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் 10 டன். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது இது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை நடக்கிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது போல்ட்டின் இழுப்பு. கேஸ்கட் நடுவில் இருந்து அடைப்பது மட்டும்தான். போல்ட்டின் பிடி குறைந்தாலோ, ஹெட்டின் முகம் வளைந்தாலோ எவ்வளவு உயர்ந்த கேஸ்கட்டும் நிற்காது.

பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் நீள ஹெட் 100 டிகிரி சூடானால் சுமார் 1.15 மில்லிமீட்டர் நீள முயலும். பிளாக் 0.55 மில்லிமீட்டர்தான் நீளும். சாதாரணச் சூட்டில் இந்த வித்தியாசத்தை வழுக்கிச் சமாளிக்கவே கேஸ்கட்டின் மேல் பூச்சு இருக்கிறது. ஓவர்ஹீட்டாகும்போது போல்ட்டுகளுக்கு இடையே அடைபட்ட ஹெட் நடுவில் வளைகிறது. ஆறிய பிறகும் அந்த வளைவு போவதில்லை.

ஆகவே முதல் கேஸ்கட் எதனால் போனது என்று யாராவது கண்டுபிடித்தார்களா என்பதே எங்கள் கேள்வி. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்ததா? ஃபேன் கிளட்ச் சூட்டில் பிடிக்காமல் வழுக்கியதா? வாட்டர் பம்ப்பின் இறக்கை அரித்துப் போயிருந்ததா? வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதால் உள்ளே துருப் பிடித்ததா? எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்களா? இந்தக் கடைசிப் பழக்கம் பரவலாக இருப்பது வருத்தமாக இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது சூடு இன்னும் கூடும்.

பவர் கூட்ட ரீமேப் செய்திருந்தால் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றியிருந்தால்) அதையும் கணக்கில் எடுங்கள். சிலிண்டர் பிரஷர் ஏறியிருக்கும், போல்ட்டுகள் பழைய பிரஷருக்கு அளந்து செய்தவை.

பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே குறுகிய இடத்தில் கருகியிருந்தால் பெரும்பாலும் பிடி போதவில்லை. நடுச் சிலிண்டர்களைச் சுற்றிப் பரவலாகக் கறுத்திருந்தால் ஹெட் வளைந்திருக்கும். கூலன்ட் துவாரத்தின் ஓரம் அரித்திருந்தால் கூலன்ட்டைப் பல வருடம் மாற்றவில்லை.

கேள்வி: ரேடியேட்டரில் ஊற்றினால் கேஸ்கட் ஓட்டையை அடைக்கும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். பயன் உண்டா?

பதில்: டீசலில் வேண்டாம். நூறு பாருக்கு மேல் தள்ளும் வாயுவை அந்தத் துகள்கள் நிறுத்தாது. ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும், கேபின் ஹீட்டரையும், ஆயில் கூலரையும் நன்றாகவே அடைத்துவிடும்.

கேள்வி: பட்டறை 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிப் போய்விடலாமா?

பதில்: கட்டி இழுத்துப் போங்கள், அல்லது ஏற்றிப் போங்கள். கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும் எஞ்சினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறுத்தி வைத்திருக்கும்போது பிஸ்டன் மேல் கூலன்ட் தேங்கும். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடம் மிகச் சிறியது, தண்ணீரோ அமுங்காது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும். ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு செல்ஃப் நின்றால் இரண்டாவது முறை அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.

கேள்வி: கருவிகள் இருக்கின்றன, வேலையும் ஓரளவு தெரியும். நானே ஹெட்டை இறக்க நினைக்கிறேன். எங்கே தவறு நடக்கும்?

பதில்: பெரும்பாலான தவறுகள் அவசரத்தில் நடப்பவை. முழுக்க ஆறிய எஞ்சினில் மட்டுமே தொடங்குங்கள். சூட்டில் ஹெட் போல்ட்டைத் தளர்த்தினால் நேராக இருந்த அலுமினிய ஹெட்டும் வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கூலன்ட்டை ரேடியேட்டரில் மட்டும் அல்லாமல் பிளாக்கின் பக்கவாட்டு டிரெய்ன் பிளக் வழியாகவும் இறக்குங்கள். அதை விட்டுவிட்டால் ஹெட்டைத் தூக்கும்போது தண்ணீர் நேரே சிலிண்டருக்குள்ளும் போல்ட் துவாரங்களுக்குள்ளும் போகும். ஆயிலையும் இறக்கிவிடுங்கள்.

காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே ஹைபிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் பைப்பைத் தொடும் முன் எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் காத்திருங்கள். ஓடும்போது ரெயிலில் 1500 பாருக்கும் மேல் பிரஷர் இருக்கும், அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பைப்பைக் கழற்றும் முன் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு, திறந்த வாய் ஒவ்வொன்றுக்கும் உடனே மூடி போடுங்கள். ஒரு மணல் துகள் போதும், ஒரு இன்ஜெக்டர் கெடும். பல நிறுவனங்கள் ஹைபிரஷர் பைப்புகளை ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் சொல்கின்றன. இன்ஜெக்டர்களில் 1, 2, 3, 4 என்று எண் எழுதிவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தக் குறியீடு கம்ப்யூட்டரில் அதன் சிலிண்டருக்கென்று பதிவாகியிருக்கிறது, இடம் மாறினால் ஐட்லிங் ஆடும்.

டைமிங் பெல்ட்டோ செயினோ கழற்றும் முன் முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, குறிகளைச் சேர்த்து, லாக் பின் இருந்தால் போட்டுவிடுங்கள். கேம்ஷாஃப்ட் கேப், ராக்கர், புஷ் ராட், ஷிம் எது இருந்தாலும் எடுத்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். அட்டையில் துளையிட்டு எண் போட்டுக் குத்தி வைத்தால் குழப்பம் வராது.

ஹெட் போல்ட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் இரண்டு முகங்களுக்கு நடுவே ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறல் வழியாகவே புதுக் கேஸ்கட் கசியும். வார்ப்பில் நெம்புவதற்கென்றே விட்டிருக்கும் மூலையில் மட்டும் கம்பியை வையுங்கள். இரும்பு ஹெட்டைத் தூக்கச் செயின் பிளாக் வேண்டும்.

இறக்கிய ஹெட்டை முகம் கீழாக மேசையில் வைக்கவே கூடாது. இன்ஜெக்டர் முனையும் ஹீட்டர் பிளக் முனையும் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள்.

முகத்தைச் சுத்தம் செய்ய கிரைண்டரில் எமரி டிஸ்க் மாட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அதிலிருந்து உதிரும் பொடி ஆயில் வழிகளில் தங்கி, பேரிங்கை அரைத்துத் தீர்க்கும். கூடவே முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களையும் போடும். பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கட் கரைப்பானும் பொறுமையும் போதும். சிலிண்டர்களையும் ஆயில் துவாரங்களையும் துணியால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிளாக்கில் உள்ள போல்ட் துவாரங்களை மரை வெட்டும் உரிய டேப்பை லேசாகச் சுழற்றிச் சுத்தம் செய்து, கண்ணாடி அணிந்துகொண்டு காற்றால் ஊதுங்கள். அடிமூடிய துவாரத்தில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது அமுங்க முடியாமல் பிளாக்கையே பிளந்துவிடும். டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், ஆனால் ஹெட்டின் மேல் பிடி விழுந்திருக்காது.

கேள்வி: கடையில், “உங்க கேஸ்கட்டில் எத்தனை வெட்டு?” என்று கேட்கிறார்கள். வெட்டு என்றால் என்ன? அதிக வெட்டு உள்ளது போட்டால் பாதுகாப்புதானே?

பதில்: பல டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கேஸ்கட் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடிமன்களில் வரும். எந்தத் தடிமன் என்பதை ஓரத்தில் வெட்டாகவோ துளையாகவோ எழுத்தாகவோ குறித்திருப்பார்கள். அதிக வெட்டு என்றால் தடிமன் கூட என்பதும் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது, மேனுவல் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

தடிமனை முடிவு செய்வது பிஸ்டன். டீசலில் பிஸ்டன் மேல் நிலைக்கு வரும்போது பெரும்பாலும் பிளாக்கின் முகத்துக்கு மேல் சிறிது எழுந்து நிற்கும். 0.6 மில்லிமீட்டர் எழுகிறது, அமுங்கிய கேஸ்கட் 1.4 மில்லிமீட்டர் என்றால் நடுவே மிஞ்சும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர்தான். மெல்லிய கேஸ்கட் போட்டால் பிஸ்டன் ஹெட்டையோ வால்வையோ தொடும். தடித்தது போட்டாலும் பாதுகாப்பு இல்லை, கம்ப்ரெஷன் இறங்கும். 625 சிசி சிலிண்டரும் 18க்கு 1 விகிதமும் உள்ள எஞ்சினில் 0.1 மில்லிமீட்டர் தடிமன் கூடினால் விகிதம் சுமார் 17.7க்கு வரும். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், வெள்ளைப் புகையும் வரும்.

அளக்கும் முறை இதுதான். பிளாக்கின் முகத்தில் டயல் கேஜை வைத்துச் சுழியம் செய்யுங்கள். பிஸ்டனின் தலையில், பிஸ்டன் பின் ஓடும் கோட்டின் மேல், முன்பக்கம் ஒரு புள்ளியிலும் பின்பக்கம் ஒரு புள்ளியிலும் வைத்து கிராங்கை மெதுவாகச் சுற்றி, எது உச்சமோ அதைக் குறியுங்கள். பின்னுக்குக் குறுக்கே உள்ள பக்கங்களில் அளந்தால் பிஸ்டன் சாய்ந்து தவறான எண் வரும். இரண்டு அளவின் சராசரி அந்தப் பிஸ்டனின் எண். நான்கையும் அளந்து, மேனுவல் கேட்கும்படி பெரும்பாலும் அதிகபட்ச எண்ணை வைத்துத் தடிமனைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கேஸ்கட்டின் வெட்டை எண்ணி அதையே வாங்குவது, பிளாக்கையும் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் யாரும் தொடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே சரி. பழைய வண்டி வாங்கியிருந்தால் அளந்துவிடுங்கள். முன்னால் வேலை பார்த்தவர் தவறான தடிமன் போட்டிருக்கலாம்.

கேள்வி: ஹெட் வளைந்திருப்பதாகச் சொல்லி லேத்தில் ஃபேஸ் அடிக்கச் (முகத்தைச் சீவி நேராக்கச்) சொல்கிறார்கள். எவ்வளவு அடிக்கலாம்?

பதில்: சில டீசல் ஹெட்டுகளை அடிக்கவே கூடாது என்று மேனுவல் சொல்லும், அதை முதலில் பாருங்கள். நேரான ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு கோடுகளில் பாருங்கள். பல எஞ்சின்களில் வரம்பு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பிளாக்கின் முகத்தையும் இதேபோலப் பாருங்கள். அதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

தட்டையான டீசல் ஹெட்டைச் சீவினால் வால்வுகள் பிஸ்டனை நெருங்கும், இன்ஜெக்டர் முனை அதிகமாக வெளியே நீட்டும். எனவே சீவிய பிறகு வால்வு எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது, இன்ஜெக்டர் எவ்வளவு நீட்டுகிறது என்று இரண்டையும் அளந்து, வால்வு சீட்டையும் வாஷரையும் சரிசெய்ய வேண்டும். கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்குள் இருக்கும் எஞ்சினில் வளைந்த ஹெட்டின் கேம் துவாரங்களும் சேர்ந்தே வளைந்திருக்கும். கீழ் முகத்தை மட்டும் சீவினால் மேலே உள்ள வளைவு அப்படியே இருக்கும். கேம்ஷாஃப்டை வைத்து கேப்களை இறுக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கினால் அந்த ஹெட்டை அப்படியே போடாதீர்கள், கேம் உடையும்.

சீவும் கூலி கொடுக்கும் முன் விரிசல் சோதனைக்குக் கொடுங்கள். கூலன்ட் துவாரங்களை அடைத்து, சூடான தண்ணீரில் மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். குளிரில் மூடியிருக்கும் விரிசல் சூட்டில்தான் திறக்கும், ஆகவே சூடு முக்கியம். கடுமையாக ஓவர்ஹீட்டான அலுமினிய ஹெட்டின் கடினத்தன்மையையும் சோதிக்கச் சொல்லுங்கள். இளகிவிட்ட அலுமினியம் போல்ட்டின் பிடியைத் தாங்காமல் அமுங்கிக்கொண்டே போகும்.

எத்தனை அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் என்பதைவிட அது கேட்கும் முகம் எவ்வளவு வழவழப்பு என்பதுதான் முக்கியம். பழைய காம்போசிட் கேஸ்கட்டுக்குப் போதுமாக இருந்த சொரசொரப்பு, எம்எல்எஸ் எனப்படும் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்கு ஆகாது. எந்தக் கேஸ்கட் போடப் போகிறீர்கள் என்று லேத்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிகான் தடவலாமா?

பதில்: கூடாது. மேனுவல் குறிப்பிட்டுச் சொன்ன இடத்தில் மட்டும், உதாரணமாக டைமிங் கவர் பிளாக்கோடு சேரும் மூலையில், ஒரு பொட்டு வைக்கலாம். மற்றபடி உலர்ந்த, எண்ணெயில்லாத முகத்தில் உலர்ந்த கேஸ்கட். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்ற குறியைப் பாருங்கள். திருப்பிப் போட்டால் மேலே போகும் ஆயில் துவாரம் அடைபடும், கேம் கருகிய பிறகுதான் தெரியும். கேஸ்கட்டின் சில கூலன்ட் துவாரங்கள் பிளாக்கின் துவாரத்தைவிடச் சிறிதாக இருக்கும். தவறாக வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பெரிதாக்காதீர்கள். எல்லாச் சிலிண்டருக்கும் கூலன்ட் சமமாகப் போக அளந்து வைத்தது அது.

கேள்வி: பழைய போல்ட்டுகள் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. புதிது வாங்கத்தான் வேண்டுமா? டார்க் வைத்துவிட்டு 90 டிகிரி திருப்பச் சொல்வது ஏன்?

பதில்: இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். போல்ட்டைத் திருப்பும் பலத்தில் ஏறக்குறைய பாதி தலையடி உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரை உராய்விலும் போய்விடும். மீதி பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அழுத்துகிறது. ஒரு போல்ட்டின் மரை உலர்ந்திருந்து இன்னொன்றில் ஆயில் இருந்தால், ரெஞ்ச் ஒரே எண்ணைக் காட்டினாலும் பிடி வெவ்வேறாக இருக்கும். அதனால் முதலில் குறைந்த டார்க்கில் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு கோண அளவில் திருப்புகிறோம். மரையின் இடைவெளி மாறாது என்பதால், 90 டிகிரி திரும்பினால் எல்லாப் போல்ட்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீளும்.

அப்படி நீளும்போது பல போல்ட்டுகள் திரும்பிச் சுருங்காத எல்லையைத் தொட்டுவிடும். அந்த வகைப் போல்ட்டை இரண்டாம் முறை திருப்பினால் கழுத்து மெலிந்து உடையும், உடையாவிட்டாலும் பிடி வராது. ஒருமுறை மட்டும் என்று மேனுவல் சொன்னால் புதிதுதான். நீளத்தை அளந்து வரம்புக்குள் இருந்தால் போடலாம் என்று சொல்லும் எஞ்சின்களும் உண்டு. கண்ணால் பார்த்து முடிவு செய்ய இதில் எதுவும் இல்லை.

மரையிலும் வாஷர் அடியிலும் மேனுவல் சொன்னபடி சுத்தமான எஞ்சின் ஆயில் லேசாகத் தடவுங்கள். நடுப் போல்ட்டில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போகும் வரிசையில் இறுக்குங்கள். உதாரணத்துக்கு: எல்லாவற்றையும் 40 நியூட்டன் மீட்டர், பிறகு எல்லாவற்றையும் 80, பிறகு எல்லாவற்றையும் 90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி. ஒரு சுற்று முழுவதும் முடியாமல் அடுத்த சுற்றுக்குப் போகக் கூடாது. கோண அளவி இல்லையென்றால் ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரே திசையில் பெயின்ட் கோடு போடுங்கள். எதைத் திருப்பினோம், எதை விட்டோம் என்பதும் அதிலேயே தெரியும். ரெஞ்சை வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி நகர்த்த அதிகப் பலம் வேண்டும், ரெஞ்ச் முன்னதாகவே ‘கிளிக்’ சொல்லிவிடும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்யும் முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்? 1000 கிலோமீட்டரில் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

பதில்: செல்ஃபைத் தொடும் முன் கிராங்கை ஸ்பேனரால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது இடித்தால் நிறுத்தி டைமிங்கைப் பாருங்கள். கையில் இடிப்பது எச்சரிக்கை, செல்ஃபில் இடித்தால் வால்வு வளைந்துவிடும். வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள்.

புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, இன்ஜெக்டர் கனெக்டரைப் பிரித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டுச் செல்ஃப் அடியுங்கள். டர்போவுக்கு முதல் சில வினாடிகளில் ஆயில் கிடைக்காவிட்டால் அதன் பேரிங் போய்விடும். டீசல் லைனில் காற்றெடுங்கள். கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலவையாக, கனிமமில்லாத தண்ணீரில் கலந்து, கேபின் ஹீட்டரைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். காற்று நீக்கும் ஸ்குரூ இருந்தால் அதில் கூலன்ட் வரும்வரை திறந்திருக்கட்டும். ஹெட்டுக்குள் தங்கிய ஒரு காற்றுக் குமிழ் புதுக் கேஸ்கட்டை முதல் நாளிலேயே சுட்டுவிடும்.

ஏற்கெனவே ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால், சூடாக்கி ஓட்டிய பிறகு முதல் ஆயிலை இறக்கிவிடுங்கள். 500 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறையும் மாற்றுங்கள்.

மறுபடி இறுக்குவது கேஸ்கட்டையும் போல்ட்டையும் பொறுத்தது. பழைய வகைக் காம்போசிட் கேஸ்கட் சூட்டில் அமுங்கும், அதற்கு மேனுவல் கேட்டால் மறுபடி இறுக்க வேண்டும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டும் கோணத்தில் திருப்பிய போல்ட்டும் என்றால் தொடவே கூடாது.

முதல் சில நாட்கள் பாரம் ஏற்றாமல் ஓட்டி, தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைக் குறித்துவாருங்கள். முதலிரண்டு நாள் கொஞ்சம் இறங்கினால் உள்ளே இருந்த காற்று வெளியேறுகிறது. மூன்றாம் நாளும் இறங்கினால், மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்த முதல் சோதனையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.